‘ம்’முக்குப் போட்ட பில்

அவள் வேலை பார்த்த இடத்தில் ஒரு சொல்லுக்கு அனுமதி கிடையாது. ‘முடியாது’ என்பதுதான் அது.

துவைக்கும் மிஷின் பாதியில் நின்றுபோனால், ஃபிரிட்ஜ் ஒழுகினால், அடுப்பு பற்றாமல் சண்டித்தனம் செய்தால் ஜனங்கள் கோபத்தோடு கூப்பிடுகிற நம்பர் ஒன்று உண்டல்லவா, அதன் மறுமுனையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் அவளும் ஒருத்தி. சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்த அம்மாள் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாள்: “கூப்பிடறவங்களுக்கு உங்க முகம் தெரியாது. நீங்க பேசாம இருந்தா லைன் கட்டாயிடுச்சுன்னு நெனச்சு இன்னும் கத்துவாங்க. அதனால நடுநடுவுல ‘ம்’ போடுங்க. ம்-னா சரின்னு அர்த்தம் இல்ல. லைன்ல இருக்கேன்னு அர்த்தம்.”

அவள் போட ஆரம்பித்தாள். அழுகிறவர்களுக்கு இழுத்து ஒரு ‘ம்’, திட்டுகிறவர்களுக்குத் தாழ்ந்த குரலில் ஒரு ‘ம்’, மாமியார் கதையில் ஆரம்பித்து மிஷினுக்கு வந்து சேர்கிறவர்களுக்கு அவசரமே காட்டாத ஒரு ‘ம்’. நாளாக ஆக அது தொண்டையில் குடியேறிவிட்டது. குழாயில் தண்ணீர் வராமல் காற்று மட்டும் சீறினால் அதற்கும் ‘ம்’ சொன்னாள். அவள் கணவர் வருஷத்தில் பாதியைக் கப்பலில் கழிப்பவர். நடுக்கடலிலிருந்து கூப்பிடும்போது லைன் கரகரக்கும். அவர் பேசிக்கொண்டே இருப்பார், இவள் ‘ம்’ போட்டுக்கொண்டே இருப்பாள். “உன் ‘ம்’ கேட்டாத்தான் கரை இருக்குன்னே நம்பிக்கை வருது” என்பார் அவர். தங்கை மட்டும் அதைக் கேலி செய்வாள். அவள் வைத்த பெயர் ‘உம்கொட்டி’.

“உம்மணாமூஞ்சியாவது பரவாயில்லக்கா. எதுக்கும் ஒத்துக்க மாட்டா. நீ உம்கொட்டி. எல்லாத்துக்கும் தலையாட்டற மாதிரியே இருக்கும். உள்ள என்ன ஓடுதுன்னு கடவுளுக்கே தெரியாது.”

இதற்கும் அவள் ‘ம்’ என்றுதான் சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் லேப்டாப் வாங்கப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். கம்பெனி, வாடகைக்கு எடுத்திருந்த கூடத்தைக் காலி செய்துவிட்டது. நாளைக் காலையிலிருந்து எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே போன் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் அவரவர் பொறுப்பு. முதல் மணிக்கு லைனில் வராதவர்களின் சீட் வெளியே காத்திருப்பவர்களில் ஒருவருக்குப் போய்விடும் என்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்கள். பக்கத்து சீட்டுக்காரி தன் பழைய லேப்டாப்பைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்ததால் இவள் அதுவரை நிம்மதியாக இருந்தாள். மத்தியானம் அவள் போன் பண்ணி, “மன்னிச்சுக்கோ, என் மச்சான் தூக்கிட்டுப் போயிட்டான்” என்று சொன்னதும் நிம்மதி போயிற்று. கப்பல் சம்பளம் முழுக்க வீட்டுக் கடனுக்குச் சரியாகப் போகும். அடுப்பு எரிவதும் விளக்கு எரிவதும் இந்த சீட்டில்தான். கையில் இருந்தது, கடை வாசலில் எழுதிப் போட்டிருந்த சலுகை விலைக்குச் சரியாக இருக்கும். மேற்கொண்டு பஸ் டிக்கெட்டுக்கு.

அதனால் அவள் கால் நிற்கவில்லை. பஸ் நின்றாலும் அவளுடைய குதிகால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. சிக்னல் ஒவ்வொன்றும் அவளைப் பார்த்ததும் சிவப்பானது போலிருந்தது.

தங்கைக்கு அந்தக் கவலை இல்லை. அவள் பார்லரில் முடி வெட்டுகிறவள். கத்தரிக்கோல் மாதிரியே வாயும். பேரம் பேசுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. காய்கறிக்காரரே அவளைத் தூரத்தில் பார்த்தால் விலையைக் குறைத்துச் சொல்லிவிடுவார், நேரமாவது மிச்சமாகுமே என்று. அக்காவின் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் குடியிருந்தாள். இரண்டு வாண்டுகள்.

“வீட்டிலயே வேலை. எவ்வளவு வசதி பாரு” என்றாள் தங்கை. “பஸ் பிடிக்க வேணாம், புடவை மாத்த வேணாம். நம்ம வாண்டுங்க ஸ்கூல் விட்டதும் நேரா உன்கிட்ட வந்துடட்டும், என்ன? நான் பார்லர் முடிச்சுட்டு வந்து கூட்டிக்கறேன்.”

“ம்” என்றாள் அவள், ஜன்னல் வழியே அடுத்த சிக்னலைப் பார்த்தபடி.

“எங்க மாமனாருக்கும் மதியம் மாத்திரை நீயே குடுத்துடு. மனுஷன் மறந்துடறார்.”

“ம்.”

சிக்னல் மறுபடி சிவப்பு.

கடை பெரியது. உள்ளே போனதும் குளிர் முகத்தில் அறைந்தது. ஒரு சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே மீன். ஆரஞ்சு நிற மீன் ஒன்று எல்லாத் திரைகளிலும் ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே நேரத்தில் வாயைத் திறந்து மூடியது. அவர்களை நோக்கி நீலச் சட்டை போட்ட பையன் ஒருவன் வந்தான். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சட்டையின் முதுகில் ‘உங்களுக்கு உதவவா?’ என்று எழுதியிருந்தது. உதவி தேவைப்படுகிறவர்கள் அவன் பின்னாலேயே நடக்க வேண்டும் போலும் என்றாள் தங்கை, அவன் காதில் விழும்படி.

“வாசல்ல போட்டிருக்கற விலைல ஒரு லேப்டாப்” என்றாள் அவள். “நாளைக் காலைல வேலை. இன்னைக்கே வேணும்.”

“கண்டிப்பா மேடம். இன்னைக்கு எடுத்துட்டுப் போயிடலாம்” என்றான் நீலச்சட்டை. இன்றைக்கே என்று சொல்லியிருக்கக் கூடாது என்பது அவளுக்கு உடனே தோன்றியது. அவன் கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போனதைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கையின் போன் அடித்தது. வாண்டுகளில் ஒன்று இன்னொன்றின் தலையில் பசையைக் கொட்டிவிட்டதாம். உள்ளே சிக்னல் சரியில்லை. “நீ பாத்துட்டு இரு, நான் இவளுங்கள அடக்கிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுத் தங்கை வெளியே ஓடினாள்.

நீலச்சட்டை ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்தான். கையில் ஒரு டேப்லெட் வைத்திருந்தான். பேச ஆரம்பித்தான். நல்ல குரல், அவசரப்படாத குரல். அவளுடைய வேலையில் அவன் இருந்திருந்தால் நல்ல பெயர் எடுத்திருப்பான்.

“மேடம், கம்பெனி வாரண்டி இருக்கும். ஆனா அது ஒரு வருஷம்தான். அதுக்கப்புறம் ஏதாவது ஆச்சுன்னா பாதி விலை செலவாயிடும். நாங்க கூட ரெண்டு வருஷம் சேத்துத் தர்றோம்.”

“ம்.”

அவன் விரல் டேப்லெட்டைத் தொட்டது.

“வைரஸ் வந்தா உள்ள இருக்கறதெல்லாம் போயிடும். உங்களுக்கு வேலை சம்பந்தமா வேற. அதுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கு.”

“ம்.” மீன்கள் திரும்பின. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கடை மூட இன்னும் நேரம் இருந்தது, ஆனாலும் ஷட்டர் பக்கம் ஒருவர் கம்பியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

“திரைக்கு மேல ஒரு ஃபிலிம் ஒட்டிடறோம், கீறல் விழாது.”

“ம்.”

“கீபோர்டுக்கும் ஒரு உறை வருது. டீ கீ சிந்தினாக்கூட கவலை இல்ல.”

டீ, கீ என்று அவன் சொன்னது ஒரு கணம் அவளுக்குப் பிடித்திருந்தது. “ம்” என்றாள்.

“பை ஒண்ணு. துடைக்கறதுக்கு ஒரு கிட். அப்புறம் எங்க கோல்டு மெம்பர்ல உங்கள சேத்துடறேன். அடுத்த தடவ வாங்கும்போது உங்களுக்கே பிரயோஜனம்.”

“ம்… ம்.”

“செட்டப் பண்ணிக் குடுத்துடறோம். வீட்டுக்குப் போய் நீங்க திண்டாட வேணாம். போனதும் ஆன் பண்ணலாம்.”

அவள் உண்மையில் அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்பதுதான் அவளுக்குத் தெரிந்த தொழில். அவன் பேசி முடிக்கட்டும், பிறகு நிதானமாக ‘வெறும் லேப்டாப் மட்டும் போதும்’ என்று சொல்லலாம் என்று ஒரு வாக்கியத்தை உள்ளே தயார் செய்து வைத்திருந்தாள். ஆனால் அவன் முடிக்கவே இல்லை. பேசிக்கொண்டே நடந்தான், அவள் பின்னாலேயே நடந்தாள். நின்ற இடம் கல்லா.

கல்லாவில் கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். கைப்பையை ஏற்கெனவே மடியில் வைத்துக்கொண்டுவிட்டாள். மிஷின் கரகரவென்று பில்லை உமிழ்ந்தது. உமிழ்ந்துகொண்டே இருந்தது. கல்லாக்காரி அதைக் கிழித்து நீட்டினாள்.

பில்லின் அடியில் இருந்த தொகையை அவள் பார்த்தாள். வேறு யாருடைய பில்லோ என்று நினைத்துப் பக்கத்தில் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

“இது… வாசல்ல…”

“வாசல்ல போட்டிருக்கறது பீஸ் விலை மேடம்” என்றான் நீலச்சட்டை. “மத்ததெல்லாம் நீங்க கேட்டது.”

“நான் எப்பக் கேட்டேன்?”

அப்போதுதான் தங்கை உள்ளே வந்தாள், பசை விவகாரத்தின் சூடு இன்னும் முகத்தில் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள், பில்லின் நீளத்தைப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“என்ன தம்பி இது? லேப்டாப் வாங்க வந்தோமா, லேப்டாப்புக்குக் கல்யாணம் பண்ணி வைக்க வந்தோமா? நகை நட்டு சீர்வரிசையெல்லாம் போட்டிருக்க?”

“ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டுத்தான் போட்டேன் மேடம். அக்கா எல்லாத்துக்கும் சரின்னாங்க.” மேடமாக இருந்தவள் பில் வந்ததும் அக்காவாகிவிட்டாள்.

“நான் சரின்னு சொல்லல” என்றாள் அவள்.

“‘ம்’னீங்களேக்கா.”

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். “உம்கொட்டி” என்றாள் பல்லுக்குள். பிறகு கண்ணைத் திறந்தாள். “தம்பி, இவ ‘ம்’னு சொன்னா கேட்டுக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். இவ கரண்ட் கட்டானாக்கூட ‘ம்’முன்னு சொல்லுவா. அதுக்காகக் கரண்ட்டக் கட் பண்ணச் சொன்னான்னு ஆயிடுமா? நானும் தலைல கட்டற தொழில்தான் பண்றேன். முடி வெட்ட வந்தவளுக்கு எண்ணெய் மசாஜ் எப்படி சேக்கறதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் அவ வாயால கேட்டுட்டுத்தான் எண்ணெய் பாட்டிலையே தொறப்பேன்.”

நீலச்சட்டை குரலைத் தாழ்த்தினான். “வெறும் பீஸா வித்தா என் கணக்குல ஏறாதுக்கா. கூட ஏதாவது சேத்து வித்தாத்தான். போன வாரமே பேச்சு வாங்கிட்டேன். இதுல பாதியாவது வச்சுக்கோங்களேன்.”

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அதுதான் ஆபத்து என்றும் தெரிந்தது. அழுகிறவர்களுக்குப் போடுகிற, இழுத்த ‘ம்’ தொண்டை வரை வந்துவிட்டது. பில்லை இறுக்கிப் பிடித்து அதை விழுங்கினாள்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். மெல்லிய மீசை, கழுத்தில் அட்டை, எல்லோரையும் பார்த்து ஒரே அளவான புன்னகை. விஷயத்தைக் கேட்டார். “இந்த விலைல இருக்கறதெல்லாம் செட்டப் பண்ண பீஸ்தான்மா. செட்டப் இல்லாம ஸ்டாக் இல்ல.”

“அப்ப அதையும் சேத்து வாசல்ல எழுத வேண்டியதுதானே?” என்றாள் தங்கை. “வாசல்ல ஒரு விலை, கல்லால ஒரு விலை. நடந்து வர்ற தூரத்துக்கு சார்ஜா?”

கல்லாக்காரியின் வாய் ஓரம் லேசாகத் துடித்தது. அவள் உடனே கைப்பையின் ஜிப்பைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டாள்.

“நீங்க கொஞ்சம் இருங்கம்மா” என்றார் மேனேஜர் தங்கையிடம். “பில் யார் பேர்ல இருக்கோ அவங்க சொல்லட்டும். நாங்க யார் தலைலயும் எதையும் கட்டறதில்ல. மறுபடி ஒவ்வொண்ணா கேட்கறோம். அவங்களே அவங்க வாயால சொல்லட்டும். நடுவுல நீங்க பேசக் கூடாது.” அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்த விதத்தில், இந்த வாய் என்ன சொல்லும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது தெரிந்தது. நீலச்சட்டைக்குக் கண் காட்டினார்.

தங்கை இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பாவம், அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது அவள் கால்விரல்களில் தெரிந்தது.

அக்கா தனியாக நின்றாள். கடிகாரம், ஷட்டர்க் கம்பி, மீன்கள். நாளைக் காலை முதல் மணி. வேறு கடைக்குப் போக இனி நேரமில்லை. காசை நாளைக்குக் கட்டுகிறேன் என்று சொல்லலாமா, யாரிடமாவது கைமாற்று வாங்கலாமா என்று மனம் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடியது.

நீலச்சட்டை டேப்லெட்டை உயர்த்தினான். அவனுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் கெஞ்சல். அந்த வருத்தத்தில்தான் அவன் கேள்வியை மாற்றிக் கேட்டுவிட்டான்.

“அக்கா… வாரண்டி நிஜமாவே வேணாமா?”

“ம்” என்றாள் அவள்.

பழக்கத்தில் வந்த ‘ம்’தான். சொன்ன பிறகுதான் அது என்ன சொன்னது என்பது அவளுக்கே புரிந்தது. நீலச்சட்டையின் விரல் நடுவானில் நின்றது.

கல்லாக்காரி பொத்தானைத் தட்டினாள். “வாரண்டி எடுத்தாச்சு.”

“இருங்க, அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே” என்றார் மேனேஜர்.

“ம்-னாங்களே சார். ம்-னா சரின்னு இப்பத்தானே பேசிட்டிருந்தீங்க?” கல்லாக்காரி தலையை நிமிர்த்தவே இல்லை. “வேணாமான்னு கேட்டார். ம்-னாங்க. அடுத்தது என்ன? சீக்கிரம் கேளுங்க, எனக்கு பஸ் போயிடும்.”

நீலச்சட்டை மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் புன்னகையை அதே அளவில் வைத்திருக்க முயன்றார். பாவம் அந்தப் பையனுக்கு ஒருமுறை வாயில் வந்த பாட்டை மாற்றத் தெரியவில்லை.

“வைரஸ் பாதுகாப்பும் வேணாமாக்கா?”

“ம்.” இந்த முறை தெரிந்தே போட்டாள்.

“ஃபிலிம்?”

இதில் ‘வேணுமா’வும் இல்லை, ‘வேணாமா’வும் இல்லை. அவள் உதட்டை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

“…எடுத்துடவா?”

“ம்.”

உறை போயிற்று, பை போயிற்று, துடைக்கிற கிட் போயிற்று. கோல்டு மெம்பருக்கு வரும்போது தங்கை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். கல்லாக்காரி ஒவ்வொன்றுக்கும் பொத்தானைத் தட்டிய வேகத்தில் அவள் பஸ்ஸே தெருமுனைக்கு வந்துவிட்டது போலிருந்தது.

“நீ போப்பா” என்று நீலச்சட்டையைத் தள்ளிவிட்டு மேனேஜர் தானே முன்னால் வந்தார். மிச்சம் இருந்தது செட்டப் மட்டும். பெரிய தொகை அதுதான். அவர் விவரமானவர். கவுன்டரில் கை ஊன்றி, உறவுக்காரர் மாதிரிக் குனிந்தார்.

“எல்லாத்தையும் எடுத்தாச்சும்மா, உங்க இஷ்டம். செட்டப் மட்டும் இருக்கட்டும். ஏற்கெனவே பண்ணி முடிச்சது. உழைச்சிருக்காங்க. இருக்கட்டும், இல்ல?”

‘ம்’ வந்தது. உதட்டுக்குப் பின்னால் வந்து நின்று முட்டியது. அவள் அதை வெளியே விடவில்லை.

அவளுடைய தொழிலில் மௌனம் என்பது குற்றம். எதிரில் இருப்பவரை இப்படி ஒன்றும் சொல்லாமல் நிறுத்தி வைத்தது அவளுக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. காது அடைத்தது. லைன் கட்டானது போல, ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிற்பது போல இருந்தது. மேனேஜருக்கும் அது பொறுக்கவில்லை.

“என்னம்மா? சொல்லுங்க. நாளைக்கு வேலைன்னீங்களாம். இது இல்லாம எப்படிப் பண்ணுவீங்க? இங்கேர்ந்து வெறும் கையோடவா போவீங்க?”

“வேணாம்” என்றாள்.

சின்னதாகத்தான் வந்தது. யாரோ பக்கத்து அறையில் சொன்ன மாதிரி. அதனால் இன்னொரு தடவை சொன்னாள். “செட்டப் வேணாம். வாசல்ல இருக்கற விலைக்குத் தந்தா எடுத்துக்கறேன். இல்லன்னா போறேன்.”

“அப்ப ஒண்ணும் பண்றதுக்கில்ல” என்றார் மேனேஜர், நிமிர்ந்தபடி.

அவள் பில்லைக் கவுன்டரில் வைத்தாள். திரும்பினாள். நாளைக் காலை அவள் சீட்டில் வேறொருத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் குரலில் ‘ம்’ போடுவது காதில் கேட்டது. ஆனாலும் நடந்தாள். எல்லா டிவியிலும் மீன் வாயைத் திறந்தது. தங்கை பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். அவளுக்கே சிரிப்பு நின்றுபோயிருந்தது.

“சார்” என்றது பின்னால் கல்லாக்காரியின் குரல், சலித்துப்போய். “மத்தியானம் வந்த லோடு பிரிக்காம உள்ள அடுக்கி வச்சிருக்கு. அதுல ஒண்ண எடுத்துக் குடுத்து அனுப்புங்க. பில்ல மூடாம நான் கல்லாவ மூட முடியாது. கல்லாவ மூடாம வீட்டுக்குப் போக முடியாது.”

மேனேஜர் அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். கல்லாக்காரி பில் மிஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீலச்சட்டை அதற்குள் உள்ளே ஓடியிருந்தான். ஸீல் உடைக்காத பெட்டியோடு வந்தான். அவள் பணத்தைக் கொடுத்தாள். புதுப் பில் உள்ளங்கை அளவுதான் இருந்தது. பெட்டியை நீட்டும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “பாத்து எடுத்துட்டுப் போங்க மேடம்” என்றான். மறுபடி மேடம். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது அவளுக்கு. சொல்ல ஒன்றும் இல்லை. ‘ம்’ என்றாள். அது அவனுக்குத்தான், உண்மையாகவே.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. பெட்டி மடியில். அதன் மூலை வயிற்றில் குத்தியது, அவள் நகர்த்தவில்லை. வாங்கியாகிவிட்டது, நாளைக்கு முதல் மணிக்கு லைனில் இருப்பாள். ஆனாலும் கால் நிற்கவில்லை, குதிகால் தட்டிக்கொண்டே இருந்தது.

தங்கை ஒருமுறை முழுக் கதையையும் நடித்துக் காட்டினாள். மேனேஜர் மாதிரிக் குனிந்தாள், கல்லாக்காரி மாதிரி ஜிப்பை இழுத்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“என்ன தைரியம்க்கா உனக்கு! நீ பாட்டுக்குக் கிளம்பிட்ட. இனிமே எவனும் உன் தலைல ஒண்ணும் கட்ட முடியாது.” தங்கை பெட்டியைத் தட்டிக் கொடுத்தாள். “சரி, நாளைக்கு வாண்டுங்க வந்ததும் முதல்ல கை கால் கழுவச் சொல்லு. சின்னவளுக்கு வீட்டுப்பாடம் கொஞ்சம் சொல்லிக் குடு. கேஸ்காரன் வந்தா எங்க வீட்டு சிலிண்டரையும் நீயே வாங்கி வச்சுடு. நீ வீட்டுலதானே இருக்கப் போற?”

அவள் பெட்டியின் மூலையை விரலால் தடவினாள்.

ஒன்றன்பின் ஒன்றாக அவை வந்து சேர்ந்ததை அவள் கேட்டாள். வாண்டுகள், மாத்திரை, கைகால், வீட்டுப்பாடம், சிலிண்டர். நல்ல குரல், அவசரப்படாத குரல். ஹெட்போனுக்குள் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது பின்னால் இரண்டு வாண்டுகள் பசைக்காகச் சண்டை போடுவதை அவளால் பார்க்க முடிந்தது. பின்னணியில் சத்தம் கேட்டால் சீட் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

“என்னக்கா? லைன் கட்டாயிடுச்சா?”

“லைன்லதான் இருக்கேன்” என்றாள் அவள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். அந்தச் சொல்லை எங்கே வைத்தோம் என்று தேடுவது போல இருந்தது. இத்தனை வருஷம் அதை வாயில் எடுத்ததே இல்லை. “முடியாதுடி.”

“எது?”

“எல்லாம்தான். நான் வீட்டுல இருக்கப் போறதில்ல. வேலைல இருக்கப் போறேன். வேலை வீட்டுல இருக்கு, அவ்வளவுதான்.”

தங்கையின் வாய் திறந்தது. கடையிலிருந்த மீன் ஞாபகம் வந்தது அவளுக்கு. சிரிக்கக் கூடாது என்று பெட்டியை இறுக்கினாள்.

“போகும்போது கேட்டேனே! ‘ம்’னியே!”

“கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். கடைல நீதானே சொன்ன.”

தங்கை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். காதோரம் சிவந்திருந்தது. ஒரு நிறுத்தம் போயிற்று, இன்னொன்று போயிற்று. கோபமா, வருத்தமா, நாளைக்கு வாண்டுகளை யாரிடம் விடுவது என்ற யோசனையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகம் தெரியாமல் குரலை மட்டும் கேட்டே பழகியவள், குரல் இல்லாத முகத்தை எப்படிப் படிப்பாள். சமாதானமாக ஒரு ‘ம்’ போட்டுவிடலாமா என்று தொண்டை துடித்தது. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு வருவதே ஒரு வேலையாக இருந்தது.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்னால் தங்கை இருமினாள்.

“இந்த ‘முடியாது’வ அங்க உள்ள போனதுமே சொல்லியிருந்தா முந்தின பஸ்ஸையே பிடிச்சிருக்கலாம்” என்றாள், ஜன்னலைப் பார்த்தே.

அவள் டிக்கெட்டைக் கைப்பைக்குள் வைத்தாள்.

“வாரத்துல மூணு நாள்?” என்றாள் தங்கை.

காய்கறிக்காரரிடம் ஆரம்பிக்கிற அதே குரல். பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பஸ் குலுங்கி நின்றது.

“சரி, ரெண்டு” என்றாள் தங்கை பின்னால் இறங்கியபடி. “அக்கா, கேக்கறியா? ரெண்டு நாள். உன் வேலை முடிஞ்சப்புறம்தான். பசையெல்லாம் ஒளிச்சு வச்சுட்டு அனுப்பறேன்.”

அவள் தெரு விளக்குக்குக் கீழே நின்று, திரும்பி, தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றாள்.